மழையை அளக்க வந்தவர்களோடு குன்னூரிலிருந்து தேவர்சோலைக்கு

ஆகஸ்டில் நீலகிரிக்குப் போகிறேன் என்றதும் எங்கள் வங்கிக் கிளையில் எல்லோரும் ஒரே மாதிரி கேட்டார்கள்: "மழையாச்சே, இப்பப் போயி என்னத்தப் பாக்கப் போறீங்க?" மழையைப் பார்க்கத்தான் போகிறேன் என்று சொல்லியிருந்தால் யாரும் விடுப்பில் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டார்கள். அதனால் தோழி வீட்டு விசேஷம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

தோழி என்பது உண்மை. ரிஸ்வானாவும் நானும் கோவையில் ஒரே கல்லூரி, ஒரே விடுதி அறை. நான் ஈரோட்டில் வங்கி எழுத்தராகிவிட்டேன். ஊட்டி காந்தலைச் சேர்ந்த அவள், கூடலூர் பக்கம் தேவர்சோலைக்கு அருகே ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பள்ளிக்குப் பின்னால் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே வேலை செய்பவர்களின் வரிசை வீடுகள் சரிவில் மூன்று அடுக்காக இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகள்தாம் பள்ளியில் பாதிக்கு மேல். பெரும்பாலும் இலங்கை மலைநாட்டிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் வாரிசுகள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர்களுக்கான ஓர் இணையவழிப் பயிற்சியில் ரிஸ்வானா, இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கும் யோகேஸ்வரி டீச்சரைச் சந்தித்தாள். இரண்டு பள்ளியைச் சுற்றியும் தேயிலை, இரண்டிலும் தமிழ், இரண்டிலும் சரிவான நிலம். சனிக்கிழமை காலைகளில் இரு வகுப்புகளும் கைப்பேசித் திரையில் பேசிக்கொள்ள ஆரம்பித்தன. முதலில் பாட்டு, விடுகதை. பிறகு ஓடைத் தண்ணீர், காட்டு மரங்கள், மண். கடைசியில் பேச்சு மண்சரிவுக்கு வந்து நின்றது. யோகேஸ்வரி டீச்சரின் தோட்டத்தில் சில ஆண்டுகளுக்கு முன் மலை இறங்கி இரண்டு வரிசை வீடுகளை மூடிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் பிள்ளைகள் தினமும் மழையை அளக்கிறார்கள். அளவு ஒரு கோட்டைத் தாண்டினால் குடும்பங்கள் பள்ளிக்கு வந்துவிட வேண்டும் என்று ஊரே கூடி முடிவெடுத்து, அதைப் பழகியும் வைத்திருக்கிறார்கள்.

இதை இங்கேயும் செய்ய வேண்டும் என்பது ரிஸ்வானாவின் ஆசை. வீடு வீடாகப் போய்ச் சொல்லிப் பார்த்தாள். "புள்ளைக வெளையாட்டு டீச்சர்" என்று சிரித்தார்களாம். அதனால், விடுமுறையில் தங்கள் செலவிலேயே வருவதாக இருந்த யோகேஸ்வரி டீச்சரையும் அவருடைய சக ஆசிரியர் நிமல் சேரையும் (சாரை அங்கே சேர் என்பார்கள்) வரவேற்று மலையேற்றும் பொறுப்பை என்னிடம் கொடுத்தாள். "எனக்கு ஸ்கூல் இருக்குடி. நீதான் ஊர் சுத்தறவ, நீயே கூட்டிட்டு வா."

அவர்கள் கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானத்திலும், சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸிலும் வந்தார்கள். நான் முதல் நாளே மேட்டுப்பாளையம் போய் ரயில் நிலையத்துக்கு எதிரில் அறுநூறு ரூபாய் அறையில் தங்கிவிட்டேன். ஈரோட்டிலிருந்து அந்தக் காலை வேளையில் வந்து மலை ரயிலைப் பிடிப்பது நடக்காத காரியம், முயன்று பார்த்தவள் சொல்கிறேன். எக்ஸ்பிரஸ் காலை ஆறேகால் வாக்கில் வந்தது. மலை ரயில் ஏழு பத்துக்கு. இடையில் இட்லி சாப்பிட நேரம் இருக்கிறது, குளிக்க நேரம் இல்லை.

யோகேஸ்வரி டீச்சர் நாற்பத்தைந்து வயது இருக்கும். கணுக்காலுக்குச் சற்று மேலே ஏற்றிக் கட்டிய சேலை, மழைக்குத் தயாரான செருப்பு. நிமல் சேர் சிங்களர், இளைஞர், நெட்டையாக இருந்தார். "நான் தமிழை என் மாணவர்களிடம் கற்றேன். ஆகவே பிழைகள் அவர்களுடையவை" என்று புத்தகத் தமிழில் அறிமுகம் செய்துகொண்டார். அவருடைய பையைத் திறந்து காட்டியபோதுதான் எனக்குப் பகீரென்றது. உள்ளே கழுத்தை வெட்டிய பிளாஸ்டிக் குளிர்பான பாட்டில்கள் ஆறு. அவைதாம் அவர்களுடைய மழைமானிகள்.

நீலகிரி மாவட்டத்துக்குள் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில் எதுவும் கொண்டுபோகக் கூடாது. சோதனையும் அபராதமும் உண்டு. நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். நிமல் சேர் முகத்தில் கோபம் இல்லை, மகிழ்ச்சிதான் இருந்தது. "முழு மாவட்டத்துக்குமா? மக்கள் கேட்கிறார்களா?" என்று மூன்று முறை கேட்டார். நிலையத்துக் குப்பைத் தொட்டியில் பாட்டில்களைப் போட்டுவிட்டுத் தன் கைப்பேசியில் அந்த அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டார். இந்தப் பயணத்தில் இங்கிருந்து அங்கே போன முதல் சரக்கு அதுதான்.

முன்பதிவு செய்த இரண்டாம் வகுப்புச் சீட்டு ஊட்டி வரைக்கும் ஆளுக்கு முந்நூறு ரூபாய்க்குள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி நாற்பத்தாறு கிலோமீட்டர். ஏறும்போது இடப்பக்க ஜன்னலுக்கு எல்லோரும் சண்டை போடுவார்கள். மழை நாளில் எந்தப் பக்கமும் ஒன்றுதான், மேகம் மட்டுமே. கல்லாறு தாண்டியதும் பற்சக்கரம் கவ்வி வண்டி முனக ஆரம்பித்தது. யோகேஸ்வரி டீச்சர் காட்சியைப் பார்க்கவில்லை. பாறை வெட்டிய சுவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கே தண்ணீர் தெளிவாக வழிகிறது, எங்கே கலங்கி வழிகிறது என்று நிமல் சேரிடம் கைகாட்டினார். நான் இந்த ரயிலில் எட்டாவது முறை போகிறேன். சுவரில் வழியும் தண்ணீரின் நிறத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பத்தரைக்குக் குன்னூர். அதற்கு மேல் தண்டவாளத்தில் மண் விழுந்திருப்பதாகவும், வண்டி போகாது என்றும் அறிவித்தார்கள். மீதித் தூரத்துக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், பயணச்சீட்டைத் தொலைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்துக்கு வெளியே டீ குடித்தோம். தேயிலை ஏலம் நடக்கும் ஊர் என்று சொன்னதும் டீச்சர் டம்ளரை மூக்குக்கு அருகே கொண்டுபோய், "எங்க மலைத் தேயிலைக்கு வாசம் கூடுதல். ஆனா டீ நீங்கதான் நல்லாப் போடுறீங்க" என்றார். ஏல மையத்தை வெளியிலிருந்து மட்டும் பார்த்தோம். குன்னூர் பேருந்து நிலையத்திலிருந்து ஊட்டிக்கு அடிக்கடி வண்டி இருக்கிறது. பதினெட்டு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம், இருபத்தைந்து ரூபாய்க்குள் சீட்டு.

ரிஸ்வானாவின் அத்தாவை நான் கரீம் மாமா என்பேன். அவருக்கு ஊட்டி பஜாரில் பாத்திரக் கடை. மழைமானி இல்லாமல் வந்து நிற்கும் கதையைக் கேட்டதும் கடையிலிருந்த கண்ணாடி ஜாடிகளை எல்லாம் மேசையில் அடுக்கிவிட்டார்.

"ஏனுங்க சார், இதுல எது வேணுமோ எடுத்துக்குங்க."

நிமல் சேர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "வாயும் வயிறும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். வயிறு பெருத்தால் மழை குறைவாகத் தெரியும்."

"அப்ப என்னைய மாதிரி இருந்தா ஆகாதுன்றீங்க" என்றார் மாமா தன் தொப்பையைப் பார்த்து. கடைசியில் நேரான ஜாடிகள் நான்கு அகப்பட்டன. காசு வாங்க மறுத்துவிட்டார். அன்று காந்தலில் அவர்கள் வீட்டில் தங்கினோம். நெய்ச்சோறும் கறிக்குழம்பும். ஊட்டியில் அறை எடுப்பவர்கள் ஆகஸ்டில் பேரம் பேசலாம். கோடைக்கால விலையில் பாதிக்கே கிடைக்கும்.

மறுநாள் காலை ஊட்டியிலிருந்து கூடலூர் பேருந்து. ஐம்பது கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம், அறுபது ரூபாய் சொச்சம். பைக்காரா தாண்டி நடுவட்டத்துக்கு மேல் ஓட்டுநர் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தார். கீழே இறங்க இறங்கக் குளிர் விலகி மழை மட்டும் கூடியது. கூடலூரிலிருந்து தேவர்சோலைக்கு எட்டு கிலோமீட்டர். பள்ளி அதற்கும் சற்று உள்ளே என்பதால் மொய்தீன் என்பவரின் ஜீப்பில் முந்நூறு ரூபாய்க்குப் போனோம். பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுபவர். "சேச்சி, மூணு திவசமா நிக்காத மழ. டூரிஸ்ட் ஆரும் வராத நேரத்துல நீங்க வந்திருக்கீங்க" என்றார்.

பள்ளி வாசலில் ரிஸ்வானா குடையோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் பிள்ளைகள். இரண்டு ஆண்டுகளாகக் கைப்பேசித் திரையில் பார்த்த முகம் நேரில் வந்து இறங்கியதும் அவர்களுக்குக் கூச்சம் வந்துவிட்டது. டீச்சர், "என்னா, வாய் இல்லையா? சனிக்கிழமையானா காது கிழியுதே" என்றார். அவ்வளவுதான், சூழ்ந்துகொண்டார்கள்.

அன்றைக்கே ஜாடி ஒன்றைத் திறந்த வெளியில் கல் அடுக்கி நிறுத்தினார்கள். நிமல் சேர் ஜாடியின் வெளிப்புறத்தில் மஞ்சளிலும் சிவப்பிலுமாக இரண்டு கோடு வரைந்தார். மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் கிளம்பு. "இது எங்கள் ஊர் அளவு. உங்கள் மலையை எனக்குத் தெரியாது. ஆகவே கொஞ்சம் கீழே வரைகிறேன்" என்றார். தினமும் காலை எட்டு மணிக்குப் பார்த்துவிட்டுக் கொட்ட வேண்டும்.

மாலையில் சரிவு வீடுகளிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவர் முத்துலெட்சுமி. கொழுந்து பறிப்பவர், மகளிர் குழுவை நடத்துபவர். பள்ளிக்குப் பக்கத்தில் அந்தக் குழு நாற்றங்கால் வைத்திருக்கிறது. சோலை மரக் கன்றுகளும் வெட்டிவேரும் அங்கே வரிசையாக நின்றன. யோகேஸ்வரி டீச்சர் "எந்த லயம்?" என்று கேட்டதும் முத்துலெட்சுமியின் முகம் மலர்ந்தது. வரிசை வீட்டை லயம் என்றும், ஒரு குடும்பத்தின் அறையைக் காம்பரா என்றும் அவர் அம்மா சொல்வாராம். அம்மா பிறந்தது ஹட்டனுக்குப் பக்கத்தில்தான். ஆனால் மழைப் பேச்சு வந்ததும் அந்த மலர்ச்சி நின்றுவிட்டது.

"டீச்சர், நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க. ஆனா இந்த மழைய நாங்க பொறந்ததுலருந்து பாக்கறோம். மாட்டை விட்டுட்டு, சாமானை விட்டுட்டு ஸ்கூல்ல போயி உக்காந்தா ஊரு சிரிக்கும். ஒண்ணும் நடக்கலைன்னா அடுத்த தடவ யாரும் வரமாட்டாங்க."

"நடக்கலைன்னா நல்லதுதானே" என்றாள் ரிஸ்வானா.

"நீங்க ஸ்கூல் பக்கத்துல வாடகைக்கு இருக்கீங்க டீச்சர். நாங்க அங்க வாழறோம்."

பழகிப் பார்ப்பதற்காகச் சனிக்கிழமை ஒருமுறை நடந்து வந்து பார்க்கலாம் என்று மட்டும் ஒத்துக்கொண்டு போனார்கள். அதையும் மரியாதைக்காகத்தான் சொன்னார்கள் என்று எனக்குப் பட்டது.

வியாழன் முழுக்க மழை. வெள்ளிக்கிழமை பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்தார்கள். என் விடுப்பு முடிகிறது, காலையில் கிளம்பிவிடலாம் என்று பையைக் கட்டி வைத்திருந்தேன். மொய்தீன் போன் செய்து, சாலையில் மரம் விழுந்திருக்கிறது, இன்றைக்கு வண்டி எடுக்க முடியாது என்றார். எட்டு மணிக்கு நாங்கள் நால்வரும் குடை பிடித்து ஜாடியைப் பார்க்கப் போனோம். தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு மேலே நின்றது.

டீச்சர் ஜாடிக்குள் சருகு ஏதாவது விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். இல்லை.

ரிஸ்வானா கிராம நிர்வாக அலுவலருக்குப் போன் செய்தாள். வேறொரு பக்கம் சாலை உடைந்து அங்கே நிற்பதாகவும், சந்தேகம் இருந்தால் உடனே ஆட்களைப் பள்ளிக்கு மாற்றிவிடுங்கள், நான் எழுத்து மூலமாகவும் சொல்கிறேன் என்றும் அவர் சொன்னார். தலைமையாசிரியர் கூடலூரில் இருந்தார். சத்துணவுக்கூடத்து அக்காவிடம் சாவி இருக்கிறது, எல்லா அறையையும் திறந்துகொள்ளுங்கள் என்றார். அனுமதி கிடைத்துவிட்டது. இனி ஆட்கள் வர வேண்டும்.

சரிவில் ஏறினோம். தோட்டத்தில் வேலை இல்லை என்பதால் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். அடுப்புப் புகை, வெங்காயம் வதங்கும் வாசனை, எங்கோ தொலைக்காட்சிச் சத்தம். இவ்வளவு கதகதப்பான இடத்தை விட்டு யார் ஈர வகுப்பறைக்கு வருவார்கள் என்று எனக்கே தோன்றியது. முதல் நான்கு வீடுகளில் "சாப்பிட்டுட்டுப் பாக்கலாம்" என்ற பதில்தான். ஒருவர் கதவையே திறக்கவில்லை.

மேல் அடுக்கின் கடைசியில் முத்துலெட்சுமியின் வீடு. நிமல் சேர் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மேலிருந்து வரும் வாய்க்கால் மண்ணால் அடைத்துக்கொண்டு, தண்ணீர் தேயிலைச் செடிகளுக்கு நடுவே திசை மாறி ஓடுகிறது என்றார். முத்துலெட்சுமி கையில் கரண்டியோடு வாசலில் நின்றார்.

"வாங்க, உள்ள வந்து டீ குடிங்க. பின்கதவு வழியா வர முடியாது, காலையிலருந்து இறுகிக்கிட்டு நிக்குது. மழைக்கு ஊறிப்போச்சு."

யோகேஸ்வரி டீச்சர் அசையாமல் நின்றார். "நேத்து தொறந்துச்சா?"

"நேத்தெல்லாம் நல்லாத்தான் தொறந்துச்சு."

டீச்சர் நேராக உள்ளே போய் அந்தக் கதவைத் தோளால் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை. கதவு நிலையே சாய்ந்திருந்தது, அதற்கு மேலே சுவரில் மெல்லிய வெடிப்பு ஒன்று ஓடியது. அதன் மேல் விரலை வைத்தார். திரும்பி வந்தபோது அவர் குரல் மாறியிருந்தது. வாசலில் கூடியிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

"எங்க தோட்டத்துலயும் அன்னைக்கு ஸ்பீக்கர்ல சொன்னாங்க. நானும் போகல. ஒலை வச்சிருக்கேன், சோறு வடிச்சிட்டுப் போலாம்னு இருந்தேன். என் மகளுக்குக் காச்சல் கூடிப் போச்சு. அவளத் தூக்கிக்கிட்டு டிஸ்பென்சரிக்கு ஓடினேன். திரும்பி வந்தப்ப லயம் இருந்த எடத்துல மண்ணு இருந்துச்சு. பக்கத்துக் காம்பராவுல என் கூடப் படிச்சவ இருந்தா. அவளும் ஒலை வச்சிருந்தா. நான் கெட்டிக்காரி இல்லம்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது. புள்ளைக்குக் காச்சல் வந்துச்சு, அதனால இருக்கேன். ஒங்க புள்ளைகளுக்குக் காச்சல் வர வேணாம். சும்மாவே வாங்க."

முத்துலெட்சுமி திரும்பி அடுப்பை அணைத்தார். கரண்டியை வைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "அடுப்ப அமத்துங்க எல்லாரும். கேஸ மூடுங்க. மொதல்ல புள்ளைக, அப்புறம் நடக்க முடியாதவங்க. மாட்ட நானே ஓட்டிட்டு வர்றேன், அத விட்டுட்டு வரமாட்டேன், அத மட்டும் சொல்லிப்புட்டேன்."

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க எனக்கு இரண்டு கண் போதவில்லை. காலையில் "பாக்கலாம்" என்றவர்கள் அரைமணி நேரத்தில் குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். கதவைத் திறக்காதவர் முத்துலெட்சுமி போட்ட ஒரு சத்தத்தில் திறந்தார். நிமல் சேர் நடக்க முடியாத ஒருவரை முதுகில் சுமந்து வழுக்கும் படிகளில் இறங்கினார். நான் யாருடையது என்று தெரியாத ஒரு குக்கரையும், நாய்க்குட்டி ஒன்றையும், பள்ளிச் சீருடை மூட்டை ஒன்றையும் தூக்கிக்கொண்டு இரண்டு முறை ஏறி இறங்கினேன். மூன்றாவது முறை ஏறப் போனபோது டீச்சர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "போதும். சாமானுக்காக ஏறக் கூடாது. அதுதான் சட்டம்."

உச்சிப்பொழுதுக்குள் மூன்று அடுக்கும் காலி. பள்ளி வராந்தாவில் மாடு நின்றது. பிள்ளைகளுக்கு அது திருவிழாவாகிவிட்டது. சத்துணவுக்கூடத்தில் ரவை இருந்தது, உப்புமா கிண்டினோம். சிலர் முணுமுணுத்தார்கள். தொலைக்காட்சியை விட்டுவிட்டு வந்தவர் ஒருவர், மழை சற்று வெறித்ததும் "நான் போய் ஒரு எட்டுப் பாத்துட்டு வர்றேன்" என்று எழுந்தார். முத்துலெட்சுமி வாசலில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, "என்னத் தாண்டிப் போ" என்றார். எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார்.

பிற்பகலில் அது வந்தது. நான் கற்பனை செய்து வைத்திருந்த இடி மாதிரி எல்லாம் இல்லை. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது மாதிரி ஒரு சத்தம், கொஞ்சம் நீளமாக. அடுத்து மரம் முறியும் ஒலி. பிறகு மழை மட்டும். மாடு ஒருமுறை கத்தியது.

வெளியே ஓடிப்போய்ப் பார்த்தோம். மேல் அடுக்கின் கடைசி நான்கு வீடுகளின் பின்பாதி இல்லை. அந்த இடத்தில் சிவந்த மண்ணும், வேரோடு சாய்ந்த தேயிலைச் செடிகளும், ஒரு தகரக் கூரையும் கிடந்தன. முத்துலெட்சுமி ஒவ்வொரு வீட்டுக்காரரின் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொருவரும் பதில் சொன்னார்கள். எல்லாப் பெயருக்கும் பதில் வந்த பிறகுதான் அவர் அழுதார். "என் தையல் மிஷினு" என்று அழுதார். யோகேஸ்வரி டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். டீச்சரும் அழுதார். அவருடைய அழுகை அந்த மிஷினுக்கானது இல்லை என்று எனக்குத் தெரியும்.

மாலைக்குள் வருவாய்த் துறையினரும் தீயணைப்பு வீரர்களும் வந்துவிட்டார்கள். வந்தவர்களில் ஒருவர் ஜாடியை எடுத்துப் பார்த்து, இதை யார் வைத்தது என்று கேட்டார். பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் "நாங்க" என்றார்கள். ஜாடியும் கோடும் மட்டும் போதாது என்பதை நிமல் சேர் அவரிடம் பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு சரிவும் ஒவ்வொரு மாதிரி. கோட்டுக்காகக் காத்திருக்கவும் கூடாது. கதவு இறுகினால், ஊற்று கலங்கினால், மரம் சாய்ந்தால் அளவைப் பார்க்காமல் கிளம்ப வேண்டும்.

என்னால் ஞாயிற்றுக்கிழமைதான் கிளம்ப முடிந்தது. அதற்கு முன் சனிக்கிழமை ஒரு நல்ல காரியம் நடந்தது. மழை விட்டிருந்தது. பழகிப் பார்ப்பதற்கான நாளில் பழகுவதற்கு ஒன்றும் மீதி இல்லை. டீச்சரும் சேரும் முத்துலெட்சுமியின் நாற்றங்காலுக்குப் போனார்கள். வாய்க்கால் ஓரங்களில் வெட்டிவேரை எவ்வளவு நெருக்கமாக நடுவது, எந்தச் சோலை மரம் சரிவில் நிற்கும், எது சீக்கிரம் வேர்விடும் என்று அவர் சொல்லச் சொல்ல இருவரும் கேட்டுக்கொண்டார்கள். ஹட்டன் பக்கம் அவர்கள் அளக்கிறார்கள், ஓடுகிறார்கள். மலையைப் பிடித்து வைக்க இன்னும் நடவில்லையாம். "கன்று தரட்டா?" என்றார் முத்துலெட்சுமி. நாடு விட்டு நாடு செடி கொண்டுபோக அனுமதி இல்லை என்று நிமல் சேர் வருத்தத்தோடு சொன்னார். "அப்ப செடி வேணாம். எங்க காட்டுல இருக்கற மாதிரி ஒங்க காட்டுலயும் இருக்கும். போயித் தேடுங்க. நடுற வெதத்த நான் சொல்லித் தர்றேன்." அன்றைய சனிக்கிழமை இணைய வகுப்பை நடத்தியது அவர்தான்.

தோட்ட நிர்வாகத்தார் வந்து பார்த்துப் போனார்கள். வீடுகளுக்கு மேலே உள்ள சில வரிசைத் தேயிலையை எடுத்துவிட்டு மரம் நடலாம் என்ற யோசனையை ரிஸ்வானா வைத்தாள். யோசிக்கிறோம் என்றார்கள். வாய்க்காலைத் தூர்வாரும் வேலையை மட்டும் மறுநாளே ஆரம்பித்துவிட்டார்கள். வீடு போன நான்கு குடும்பங்களும் இதை எழுதும்போதும் உறவினர் வீடுகளில்தான் இருக்கின்றன. மாற்று வீட்டுக்கான வேலை நடக்கிறது, மெதுவாக.

இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர் பக்கம் வருவதென்றால் திட்டத்தில் ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், கட்டாயம் அது தேவைப்படும். மாவட்ட நிர்வாகத்தின் மழை எச்சரிக்கை இருந்தால் வராதீர்கள். பயணச்சீட்டுக் காசு போனால் போகட்டும். சொந்த வண்டியில் வருபவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும், அரசுப் பேருந்துக்குத் தேவையில்லை. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். சரிவு விளிம்பில் புதிதாக மண் வெட்டிக் கட்டிய விடுதிகளில், காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும், மழைக்காலத்தில் தங்க வேண்டாம் என்பது என் கருத்து.

பள்ளியைப் பார்க்க வரலாமா என்று சிலர் கேட்பீர்கள். முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு வாருங்கள். பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள், பழைய துணிமூட்டை கொண்டுவராதீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொடுங்கள், அவர்களிடமும் ஒன்றைக் கேட்டுக்கொண்டு போங்கள். இரண்டு நாடுகளை இணைப்பது என்றால் பெரிய மாநாடு, மேடை, சால்வை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். விடாமல் வரும் ஒரு சனிக்கிழமை போதும் என்று இப்போது தோன்றுகிறது.

போன வாரம் ரிஸ்வானா போன் செய்தாள். இப்போது அங்கே, ஹட்டன் பக்கம், மழை. அளவு கோட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் ஆண்டுகள் ஓடியதில் பயம் தெளிந்து, மேல் லயத்தில் சிலர் கிளம்ப மறுத்திருக்கிறார்கள். யோகேஸ்வரி டீச்சர் சொல்லியும் கேட்கவில்லை. டீச்சர் கைப்பேசியில் ரிஸ்வானாவை அழைத்திருக்கிறார். முத்துலெட்சுமி கொழுந்து மலையிலிருந்து கூடையோடு ஓடிவந்து கைப்பேசியை வாங்கி, ஒலிபெருக்கியில் போடச் சொல்லியிருக்கிறார். அந்த நாட்டில், அவர் ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு லயத்தின் வாசலில், அவர் குரல் கேட்டிருக்கிறது:

"நான் கூடலூர்லருந்து முத்துலெட்சுமி பேசறேன். என் அடுப்படி மண்ணுக்குள்ள இருக்கு. நான் வெளிய நின்னு ஒங்களோட பேசிக்கிட்டு இருக்கேன். அடுப்ப அமத்திட்டுக் கெளம்புங்க. நீங்க ஸ்கூலுக்குப் போயிச் சேர்ற வரைக்கும் நான் போன வைக்கமாட்டேன்."

அவர் வைக்கவில்லையாம்.